மூன்றாவது தாளுக்கு ஒரு பேனா

"இதுவா, அதுவா அக்கா?" என்று இரண்டு பேனாக்களையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள் மின்னல்.

மதிய இடைவேளை முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது. பேனாக் கடையில் எங்களையும் கடைக்காரரையும் தவிர யாருமில்லை.

மின்னல் என்பது அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். ஆறு மணி வரை இழுக்கிற வேலையை நாலு மணிக்கே முடித்துவிட்டு அடுத்த மேஜைக்கு உதவப் போவாள். மேலாளர் என்னிடம் பேசும்போது கோப்பைப் பார்த்துப் பேசுவார். அவளிடம் சிரித்துப் பேசுவார்.

எனக்கு வயிறு எரியும். இதை மறைப்பானேன்?

பேனா விஷயத்துக்கு மட்டும் எல்லோரும் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

மேலிடத்துக்கு எழுதுகிற படிவம் மூன்று தாள். வெள்ளை, மஞ்சள், ரோஸ். இடையிடையே கார்பன். மைப் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று ஒரு விதி. மூன்றாவது தாள் வரை எழுத்து பதிய வேண்டும் என்று இன்னொரு விதி. இந்த இரண்டு விதிகளையும் போட்ட புண்ணியவான்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

மேலிடத்துக்குப் போவது அந்த ரோஸ் தாள்தான். அதில் எழுத்து இல்லையென்றால் அப்படி ஒரு படிவமே வரவில்லை என்று அர்த்தம்.

காலையில் வந்ததும் வராததுமாக மின்னல் என் முன்னால் நின்றாள். மேலிடத்துக்கு ஒரு படிவம் எழுத வேண்டும், இன்றுதான் கடைசி நாள், நல்ல பேனாவாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாள். என்ன படிவம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தாள்.

சொல்லவே வேண்டாம். இன்று கடைசி நாள் என்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

என் கணவரும் மகளும் இருக்கிற ஊரில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அதற்கு எழுதிப்போட இன்றுதான் கெடு. மூன்று வருடமாக அங்கே மாற்றல் கேட்டு எழுதுகிறேன். மூன்று முறையும் 'மாற்று ஆள் இல்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார்கள். இந்த முறையும் போன வாரமே எழுதி அனுப்பியாயிற்று. மகளுக்கு ஏழு வயது. நான் ஊருக்குப் போனால் வாசலில் நின்று, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, "வாங்க" என்கிறாள்.

போன வாரம் மின்னல் அந்த ஊரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். நான் இல்லாத நேரத்தில் என் மேஜைக் கோப்புகளையும் புரட்டியிருக்கிறாள். என் வேலையில் குற்றம் கண்டுபிடித்து மேலாளரிடம் போட்டுக்கொடுக்கத்தானே?

இவளுக்கு எதற்கு அந்த ஊர்? அப்பா, அம்மா, கட்டிக்கொள்ளப் போகிறவன் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். போதாதென்று அடுத்தவள் தட்டிலும் கைவைக்கிறாள்.

கடைக்காரர் கறுப்புப் பேனாவை மெல்ல முன்னால் நகர்த்தினார். "கார்பனுக்குன்னா இது..."

"எனக்குத் தெரியுங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

நிஜமாகவே தெரியும். கறுப்புப் பேனா பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் நிப் விறைப்பு. எவ்வளவு அழுத்தினாலும் வளையாமல் மூன்றாவது தாள் வரை பதியும். நீலப் பேனாவின் நிப் மெத்தென்றது. அழுத்தினால் முனை விரிந்து மை தாராளமாக இறங்கும். மேல் தாளில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது.

"நீலம்" என்றேன்.

அவள் குழந்தை மாதிரி குதித்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மறைத்துக்கொள்ளட்டும். நன்றாக மறைத்துக்கொள்ளட்டும்.

அலுவலகத் தபால்களைச் சேகரிப்பவர் வந்தார். ரோஸ் தாளைக் கிழித்தார், மடித்தார், பையில் போட்டார். அவருக்கு எத்தனை தாள் என்பதுதான் கணக்கு, படிப்பதில்லை. மின்னல் குனிந்து விரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சடித்த கட்டங்கள் அப்படியே காலியாக இருந்தன.

நாலு மணிக்குப் பை வண்டியில் ஏறியது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு தேநீர் வாங்கி ரசித்துக் குடித்தேன்.

வண்டி தெருவைத் தாண்டியபின் மின்னல் வெள்ளைத் தாளோடு என் மேஜைக்கு வந்தாள்.

"பை கிளம்பட்டும்னுதான் அக்கா இருந்தேன். முன்னாடியே சொன்னா வேணாம்னு தடுத்திருப்பீங்க."

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் என் பெயர் இருந்தது. நான் மாற்றலில் போனால், புது ஆள் வரும்வரை என் மேஜை வேலையையும் தன் வேலையோடு சேர்த்துத் தானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"மேலாளர்கிட்ட ஒரு வாரமா கெஞ்சி சம்மதம் வாங்கினேன். இனிமே மாற்று ஆள் இல்லைன்னு அவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பை போயிடுச்சுல்ல அக்கா?"

"போயிடுச்சு" என்றேன்.