எடிட்டர் இல்லாத பரீட்சை

"கொம்ப்யூட்டரைத் தொடப்படாது, தங்கச்சி. பேனை இருக்கு, தாள் இருக்கு. புரோகிராமை எழுதுங்க."

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி மாடியில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தின் உரிமையாளர் ஸுஹைர். நேர்முகத்துக்கு வந்த நிரோஜினியிடம் இதைச் சத்தியப்பிரமாணம் போலச் சொன்னார். வெளியே ஒரு கப்பல் ஊதியது. அதுவும் தன்னைத்தான் ஆமோதிக்கிறது என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சேர், கோட் எடிட்டரில எண்டா..."

"அதைத்தான் வேண்டாமெண்டுறன். ரெண்டு எழுத்து அடிக்க மிச்சத்தை அதுவே போடுது. பிழை விட்டாச் சிவப்புக் கோடு கீறுது. இப்பத்தைப் பிள்ளைகள்ர மூளை தலையில இல்ல, எடிட்டருக்குள்ள கிடக்கு. என்ட கம்பெனிக்கு அது சரிவராது."

நிரோஜினி பேனையை எடுத்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். இங்கே லிங்கநகர் வீட்டில் பாரிசவாதத்தில் கிடக்கும் அம்மாவை யாரிடம் விட்டுப் போவது?

எழுதி முடிப்பதற்குள் கை வேர்த்துத் தாளின் ஓரம் நனைந்துவிட்டது. ஸுஹைர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அழாதீங்க," என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நிரோஜினியிடம் அங்கே வேலை செய்யும் நஸ்ரி தேத்தண்ணியை நீட்டினான். "போன கிழமை வந்தவர் கேள்வியைப் பார்த்த உடனே எழும்பி ஓடிட்டார். நீங்க கடைசி மட்டும் இருந்தீங்களே."

"இருந்தனான். அவ்வளவுதான், அண்ணா."

தேத்தண்ணி ஆறிப்போனது. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"ஒரு பிழை இல்ல!" ஸுஹைரின் குரல் தழுதழுத்தது. "பார்த்தியா நஸ்ரி, இதுதான் சொந்த மூளை! திங்கட்கிழமை வேலைக்கு வாங்க, தங்கச்சி."

வெற்றி பெற்றவர் அவர்தான் என்பதுபோல் படியிறங்கிப் போனார்.

நிரோஜினி நஸ்ரியின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஞாபகம் வராமல் மூண்டு இடத்தில பாதிச் சொல்லோட விட்டனான். சேர் எப்படித் திருத்தினவர்?"

நஸ்ரி குரலைத் தாழ்த்தினான்.

"வெறும் தாளில பிழை பிடிக்க அவரால ஏலாது. ஒவ்வொரு வரியாப் பார்த்து எடிட்டரில அடிச்சவர். நீங்க விட்டதையெல்லாம் அதுவே போட்டு முடிச்சிட்டுது."