கீறல் விழாத ஜாடி

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் பின்புறம் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது, ஒன்பது வருடங்களுக்கு முன் போரில் காணாமல் போன பளிங்கு ஜாடி கிடைத்தது. அது காவலாளி நௌஃபலின் கம்பளிக் கோட்டில் சுற்றப்பட்டிருந்தது.

ஜாடி மறைந்த அன்றே அவனும் மறைந்திருந்தான். திருடிக்கொண்டு எல்லை தாண்டித் துருக்கிக்கு ஓடிவிட்டான் என்று ஊரே பேசியது.

கோட்டு அவனுடையதுதானா என்று அடையாளம் காட்ட அவன் மனைவி ஹியாமை வரவழைத்தார் அருங்காட்சியக இயக்குநர் பஹ்ஜத். அவள் ஜாடியையே பார்த்தாள்.

"நல்லாப் பாருங்க உஸ்தாத், இது போலியா இருக்கும்."

"ரெண்டாயிரம் வருஷத்து அசல்மா! செதுக்கின திராட்சைக் கொடியில ஒரு கீறல்கூட இல்ல."

"கோட்டு வேற யாரோடதாவது..."

"உள்பையில அவன் பேரு தச்சிருக்கே!"

அது அவள் தைத்த பெயர்தான். உடைந்து அழுதாள்.

"எதுக்கு அழறீங்க? இனிமே திருடன் பொண்டாட்டின்னு எவன் சொல்லுவான்?"

"இதை வித்துட்டு, எவளோடயோ எங்கயோ உயிரோட இருக்காருன்னு தினமும் திட்டிக்கிட்டிருந்தேன் உஸ்தாத். இதை இங்கயே புதைச்சுட்டு, அந்தச் சண்டைக்கு நடுவுல அவரு வீட்டுக்குத்தானே கிளம்பியிருப்பாரு?"