உருண்டையின் வயிறு

“நான்தான் குடுத்தேன்” என்றாள் பெரியவள், தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

இதற்கு யார் என்ன கொடுத்தது என்று கேட்ட சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மடியில், துண்டுக்குள் கிடந்த கினி பிக்கின் வயிறு உப்பிக் கல்லு மாதிரி இருந்தது. ‘உருண்டை’ என்று அவள் மகள் ஆசையாய்ப் பெயர் வைத்த, வாலில்லாத குண்டு எலி மாதிரியான பிராணி. காலையிலிருந்து ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. கூண்டில் ஒரு புழுக்கை இல்லை. குறுகிப்போய் உட்கார்ந்து பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது.

அண்ணன், தம்பி குடும்பங்கள் சேர்ந்திருக்கும் வீடு; சின்னவள் தம்பி மனைவி. அண்ணன் மனைவியான பெரியவளுக்கு இந்தப் பிராணியை முதல் நாளிலிருந்தே ஆகாது. வீட்டிலேயே எலி வளர்க்கிறோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். தைக்க வந்த துணியில் முடி ஒட்டுகிறது என்று கூண்டைக் கடைசி அறைக்குத் தள்ளியதும் அவள்தான்.

“என்ன குடுத்தீங்க பெரியம்மா?” என்று உதட்டைப் பிதுக்கினாள் மகள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள்.

“முட்டைக்கோஸ் மிஞ்சிப்போச்சு. வீணாக்க வேண்டாமேன்னு நிறையவே போட்டுட்டேன்.”

சின்னவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். கால்நடை மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மேளம் மாதிரி சத்தம் வந்தது. இதற்கு வாந்தி எடுக்க வராது, வாயு சேர்ந்து குடல் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். வலிக்கு ஊசி போட்டு, வாயு மருந்து கொடுத்தார். இனி முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பக்கமே போகக் கூடாது; காய்ந்த புல்தான் இதற்குச் சாப்பாடு, கூண்டில் அது எப்போதும் இருக்க வேண்டும் என்றார். அதுவாகச் சாப்பிடும்வரை தீனியைக் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டி, வயிற்றை மெதுவாக நீவிவிடச் சொன்னார்.

சின்னவளுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெரியவளிடமே விட்டுப் போனாள். போகும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“இப்பவாவது பார்த்துப் பண்ணுங்க அக்கா.”

பெரியவள் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். உருண்டை சிரிஞ்சைத் தட்டிவிட்டுத் தீனியைப் புடவையெல்லாம் துப்பியது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள்.

வாயில்லா ஜீவனிடமா உன் வஞ்சத்தைக் காட்டுவது என்று அவள் கணவரே கேட்டுவிட்டார். பெரியவள் சிரிஞ்சில் அடுத்த தடவைக்குத் தீனியை நிரப்பினாள்.

மகளோ பெரியம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் கண்காணிப்பை மட்டும் விடவில்லை. பக்கத்திலேயே பெரியம்மா இருக்க, உத்தரவெல்லாம் அம்மா வழியாகப் போகும். பெரியம்மாவைப் புல் நிறைய வைக்கச் சொல்லு, குடைமிளகாய் ஒரு சின்னத் துண்டு போதும்னு சொல்லு, முட்டைக்கோஸ் இருக்கிற பக்கமே போக வேண்டாம்னு சொல்லு. பெரியவளும் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டுவாள்.

ஒரு சாயங்காலம் சின்னவள் வீட்டுக்குள் நுழையும்போதே பெரியவள் எதிரே வந்தாள். பிரசவ வார்டிலிருந்து வரும் நர்ஸ் மாதிரி அப்படியொரு பூரிப்பு முகத்தில்.

“புழுக்கை போட்டுடுச்சு” என்றாள்.

கடைசி அறையில் உருண்டை புல்லைக் கறுக்மொறுக்கென்று மென்றுகொண்டிருந்தது. மகள் கூண்டில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பெரியம்மாவுக்கு அளவே தெரியலைம்மா. நான்கூடத்தான் ஸ்கூல் விட்டு வந்து தினமும் முட்டைக்கோஸ் குடுத்தேன். ஒரு கிண்ணம்தான் குடுத்தேன். ஒண்ணுமே ஆகலையே.”

தினமும் ஒரு கிண்ணம் என்றதும் சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே திரும்பிப் பெரியவளிடம் போனாள்.

“அக்கா, நீங்க ஒரு இலைகூடப் போடலை, இல்லையா?”

பெரியவள் கடைசி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“மெதுவாப் பேசு. அவ காதுல விழப்போகுது. அவ கோஸ் கிண்ணத்தோட போறதை நான் பார்த்திருக்கேன்; வயிறு உப்பினதுமே புரிஞ்சுடுச்சு.”

“எதுக்கு அக்கா இத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கினீங்க? அவ உங்க முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கறாளே.”

“என்மேல வந்த கோபம் நாலு நாள்ல போயிடும். தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா, அவமேலயே அவளுக்கு வர்ற கோபம் போகவே போகாதுடி.”