மூச்ச அடக்கு, மதினி

கடற்பசு மூச்சுவிடும் சத்தம் கேட்டால் போதும், சுற்றுவட்டாரப் படகுகளின் எஞ்சினையெல்லாம் கடற்பசுக்களைக் காக்க வனத்துறை கடலில் விட்டிருந்த ஆளில்லாக் கலம் அணைத்துவிடும்.

முங்கிப் பாசி எடுத்த பூமயிலைச் சொறிமீனின் விஷ இழைகள் சுட்டுவிட்டன. நீரோட்டம் இழுத்துப்போக, தூரத்தில் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினாள். கலம் அதைக் கடற்பசு என்று எடுத்துக்கொண்டது. நாத்தனார் ராக்குவின் படகு செத்து நின்றது.

“கொள்ளையில போற மிஷினே, அது கடப்பசு இல்ல, எங்க மதினி!” என்று கத்திப் பார்த்தாள் ராக்கு. பிறகு, “மதினி, மூச்ச அடக்கு! எஞ்சின் வந்துரும். மூணு நிமிசம் முங்குற ஆளுதான நீ!”

பூமயில் தலையாட்டியது போலிருந்தது. சத்தம் அடங்கியது. எஞ்சின் தானாகத் தடதடத்தது.

பாதி தூரத்திலேயே மூன்று நிமிடம் தாண்டிவிட, “போதும் மதினி, மூச்ச விடு!” என்று அலறினாள் ராக்கு. எஞ்சின் நின்று தொலைக்கட்டும் என்று வேண்டினாள். பூமயிலிடம் போய்ச் சேரும்வரை அது ஒருதடவைகூட நிற்கவில்லை.