மூடியை இறுக்கிக்கொண்ட பிளாஸ்க்

ஓட்டக்காரி செண்பகத்தின் பையில் ஒரு காப்பி பிளாஸ்க்கும் ஓட்டக் காலணியும் அருகருகே வாழ்ந்தன.

"ஒரு தம்ளர் குடித்தால் பறக்கிறாள். அந்த வேகம் என்னுடையது, தம்பி" என்று பிளாஸ்க் அடிக்கடி பெருமை பேசும்.

மாவட்டப் போட்டியன்று செண்பகம் பதற்றத்தில் இரண்டாவது தம்ளரும் குடித்தாள். காலணியின் நாடாவைக் கட்டுகையில் விரல்கள் நடுங்கின. உதவ வந்த தோழி கனகாவிடம் எரிந்து விழுந்தாள். பிறகு மூன்றாவது தம்ளருக்காகப் பிளாஸ்க்கை எடுத்தாள்.

"அண்ணே, அவள் பாதத்தில் நாடி துடிப்பது எனக்குக் கேட்கிறது. இப்போதே தறிகெட்டு அடிக்கிறது. இன்னொன்று குடித்தால் விசில் ஊதும் முன்பே பாய்ந்து, போட்டியை விட்டு வெளியேற்றப்படுவாள்" என்றது காலணி.

பிளாஸ்க் தன் மூடியை இறுக்கிக்கொண்டது. அவள் திருகினாள், தட்டினாள், "உதவாக்கரை!" என்று திட்டித் தரையில் எறிந்தாள். பிளாஸ்க்கின் விலா நசுங்கியது, மூடி திறக்கவில்லை.

வேறு வழியின்றித் தண்ணீர் குடித்து, சற்று நேரம் கண்களை மூடி உட்கார்ந்துவிட்டு ஓடப் போனாள்.

வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பி வந்து அவள் தொட்டதும் மூடி திறந்துகொண்டது. சூடாறாத காப்பியை முதலில் கனகாவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். பிறகு நசுங்கிய இடத்தை மெல்லத் தடவினாள்.

"இன்றைய வேகம் யாருடையது, அண்ணே?" என்று காலணி சீண்டியது.

"சும்மா இரு, தம்பி. அவள் கை நடுங்கவில்லை, பார்" என்றது பிளாஸ்க்.