எழுமை

“என் பையன் கல்லுல ‘ஏழ்மை’ன்னு யாரு வெட்டச் சொன்னது?”

கல்லறைக்கு எழுத்து வெட்டுபவர் உளியைக் கீழே வைத்தார்.

“நீங்க கொடுத்ததுல பிழை இருந்துச்சும்மா. ‘எழுமை’ன்னு ஒரு சொல்லே கிடையாது. திருத்திட்டேன்.”

“நான் அச்சகத்துல பிழை திருத்துறவ. என் பிழைப்புலயே கை வெச்சுட்டீங்க.”

வெட்டிய எழுத்துகளுக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரிப்பை அடக்கினாள். “போன பிள்ளைக்கு எதுக்கு ஏழ்மைன்னு அப்பவே கேட்டேன். இவர் காதுல எங்க விழுது?”

“சரி, எழுமைன்னா என்னதான்?” என்றார் அவர்.

“ஏழு மடங்கு. ஏழு வகை. ஏழு பிறப்பு. எழும்புறது, உயரம்னும் ஒரு பொருள் உண்டு. பழைய பாட்டுல வரும். இப்ப யாரும் பேசறதில்லை.”

“பேசாத சொல்லை எவன் படிப்பான்? வர்றவன் எல்லாம் ஏழ்மைன்னு படிச்சுட்டுத்தான் போவான்.”

“போகட்டும். எனக்கு ஏழு பேர் படிச்சாப் போதும். நாளைக்குக் காலையில வர்றாங்க. இது தப்பா இருந்தா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“சொந்தக்காரங்களா?”

“நான் இன்னும் நேர்ல பார்த்ததே இல்லை.”

துக்கம் புத்தியைக் கலக்கியிருக்கும் என்று நினைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“மீசை முளைச்சதுலேர்ந்து இந்தத் தொழில்தாம்மா. போனவங்க ஒருத்தர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வந்திருந்தா என் தொழில் படுத்திருக்கும். ஏழு பிறப்பெல்லாம்...”

மனைவி முறைத்தாள். அந்த அம்மா வருத்தப்படவில்லை.

“கல் நடும்போது நீங்களும் இருப்பீங்கல்ல? பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“கல் முகத்தை ஒரு நூல் அளவு தேய்ச்சுட்டு எல்லாத்தையும் மறுபடி வெட்டணும்.”

“தேய்ங்க.”

தேய்த்தார். பெயர் போயிற்று, தேதி போயிற்று, ஏழ்மையும் போயிற்று. புதிதாக வெட்டும்போது அந்தச் சொல்லைத்தான் முதலில் வெட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் மனைவி எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, கல்லை நட்டு மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது ஏழு பேர் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவர்களில் ஒரு பெண் மட்டும் கல்லுக்கு அருகில் குனிந்து எழுத்துக்கூட்டினாள்.

“எ... ழு... மை.”

“பரவாயில்லையே, தப்பில்லாம படிச்சுட்டாங்க,” என்றார் எழுத்து வெட்டியவர்.

“படிக்காம என்ன? அது என் பையன் கண்ணாச்சே,” என்ற அந்த அம்மா, அடுத்து நின்ற பருத்த மனிதரின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கினாள்.