இலை செய்த வேலை

யசிந்தாவுக்குப் பதினொரு வயது, எடையோ அறுபத்தைந்து கிலோ. இப்படியே விட்டால் நீரிழிவு, சலரோகம் வந்துவிடும் என்று டாக்குத்தர் சொன்னதும், அதே நோயில் ஒரு காலை இழந்த தன் அக்காவை நினைத்து அவள் தகப்பன் சிமியோன் நடுங்கிப் போனான். நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் ஓடி, நாக்குக்கு இனிப்பே தெரியாமல் செய்யும் சிறுகுறிஞ்சா இலையை ஒரு பை நிறைய வாங்கி வந்தான்.

"இதைச் சப்பு பிள்ளை. இப்ப பனங்கட்டியைக் கடி பாப்பம்."

"ஐயோ அப்பா, மண்ணைத் தின்னுற மாதிரிக் கிடக்கு!"

அன்று தொட்டு அவள் இனிப்பையே தொடவில்லை. தாய் லூர்த்தம்மா உள்ளங்கையில் பனங்கட்டியை வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடிக்க, யசிந்தாவின் கை வெறுமையாகவே இருந்தது. மூன்று மாதத்தில் சட்டை தொளதொளத்தது. நன்றி சொல்லச் சிமியோன் ஒரு பாரை மீனோடு பரியாரியாரிடம் போனான்.

"இலையின்ரை வேலை ஒரு மணித்தியாலத்துக்குத்தான் சிமியோன். மிச்ச நேரம் பிள்ளையை ஆர் மறிச்சது?"

வீட்டுக்கு வந்து, வலையோடு நிலத்தில் குந்தியபடி மகளைக் கேட்டான்.

"சரியான கசப்பப்பா. அடுத்த நாளே ஆட்டுக்குப் போட்டிட்டன்."

"அடி கள்ளி! அதுதான் ஆடு மெலிஞ்சு கிடக்கோ? பேந்து ஏன் நீ பனங்கட்டி தின்னேல்லை?"

"நீங்களும் தின்னேல்லைத்தானே. மூண்டு மாசமாய் உங்கடை கையும் வெறுங்கைதான்."

பிள்ளைக்குச் சுகம் வரும்வரை இனிப்புத் தொடமாட்டேன் என்று புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்ததை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

திருநாளில் அந்தோனியார் சொரூபம் வீதிக்கு வரும்போது பார்ப்பதுபோல, சிமியோன் மகளை அண்ணாந்து பார்த்தான்.